தூங்காத புளியமரமும் நூற்றுப் பதினேழும்

எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதை என் மூக்கு சொல்லிவிடும். யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பக்கம் போகிறது என்பதை ஜன்னல் சொல்லிவிடும். அதனால்தான் மளிகைக் கடை மஜீத்தின் மகள் ஜெபீனா அன்று காலை பாவாடை மடிப்பில் எதையோ மூடிக்கொண்டு, கோழி திருடினவளைப் போல் சுவரோரமாக நடந்தபோதே எனக்குப் பொறி தட்டியது.

எண்பத்தேழாம் வருடம், செப்டம்பர் மாதம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் நடந்த சமயம். அது நாலாவது நாள். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் ரோட்டுக்குக் குறுக்கே மரம் கிடந்தது. பஸ் இல்லை, லாரி இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. படிப்பிலும் வேலையிலும் எங்கள் பங்கு எங்கே என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னக் கேள்வி இல்லை அது. பிள்ளைகளுக்கு மட்டும் வேறொரு லாபம் கிடைத்திருந்தது. மரம் ஏறாமலேயே புளியங்காய் பறிக்கலாம். உப்பும் மிளகாய்த் தூளும் பொட்டலம் கட்டிக்கொண்டு, விழுந்த மரங்களைத் தேடிப் போனார்கள்.

ஜெபீனாவும் போனாள். படிப்பது ஆறாம் வகுப்பு, வாய் மட்டும் பத்தாம் வகுப்பு. கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பெரிய புளியமரம் சாய்ந்து கிடந்தது. ரோட்டோர மரங்களுக்கெல்லாம் இடுப்பில் வெள்ளை அடித்து, கறுப்பில் எண் போட்டிருப்பார்கள் அல்லவா? இதன் எண் 117. முழுவதும் அறுபடாமல் ஒரு பக்கப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்ததால் கீழ்க்கிளையில் இன்னும் பச்சை இருந்தது. அவள் ஒரு கொத்தை வளைத்து, நல்ல காயாகப் பார்த்துக் கடித்தாள்.

"மெதுவா," என்றது காய்.

ஜெபீனா துப்பினாள். துப்பியது தரையில் எழுந்து உட்கார்ந்து, தோளைத் தடவிக்கொண்டது. சாண் உயரம். புளியம்பட்டை மாதிரி சொரசொரப்பான உடம்பு, புளியங்கொட்டை மாதிரி பளபளக்கும் கண். இடுப்பைச் சுற்றி வெள்ளைப் பட்டை, அதில் கறுப்பில் 117.

[படம்: கடித்தவளும் கடிபட்டதும் ஒருவரையொருவர் முறைக்கிறார்கள். படத்தில் ஜெபீனாவின் தலை ஒழுங்காக வாரியிருக்கிறது. ஓவியர் அவளை நேரில் பார்த்ததில்லை.]

"நீ இன்னா?" என்றாள் ஜெபீனா.

"இந்த மரத்தோட காவல். சாயங்காலமானா எலய மூடணும், காலையில தொறக்கணும். அறுபது வருசமா அதான் வேல."

"மரமே வுழுந்துடுச்சே. இன்னும் இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கற?"

"நான் அரசாங்க மரத்தோட ஆளு. உத்தரவு வராம எடம் மாற முடியாது."

"உத்தரவு யாரு குடுக்கணும்?"

"மேல இருக்கறவங்க."

"மேலன்னா யாரு?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கும்மா ரோட்டோரத்துல நிக்கப்போறேன்?"

பக்கத்து மரங்களின் காவல்கள் சமத்தாகப் பிழைத்துக்கொண்டனவாம். நூற்றுப் பதினாறு ஏரிக்கரை வேலமரத்துக்குப் போய்விட்டது. நூற்றுப் பதினெட்டு ஆஸ்பத்திரி வாசல் தூங்குமூஞ்சி மரத்தைப் பிடித்துக்கொண்டது. நம் ஆள் மட்டும் உத்தரவுக்காகக் காத்திருந்ததில் எல்லா இடமும் நிறைந்துவிட்டது. சொல்லும்போதே அதன் சுண்டுவிரல் காய்ந்த ஓடு மாதிரி சடக்கென்று உடைந்து விழுந்தது.

ஜெபீனா அந்த விரலைக் குனிந்து பார்த்தாள். "வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. அந்த ஒட்டுப் பட்டை இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள வேற மரம் கெடைக்கலன்னா நான் வெறும் ஓடுதான். காத்தடிச்சா ஏதாவது சாக்கடையில கெடப்பேன்."

இந்தப் பெண்ணுக்கு அவள் அத்தா கடையில் உட்கார்ந்து அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கும் பழக்கம் உண்டு. நான் அதைக் குறை சொல்லவில்லை, எனக்கும் உண்டு. கல்வராயன் மலையிலிருந்து நெல்லியும் கடுக்காயும் கொண்டுவந்து போடும் லட்சுமியம்மாள் போன மாதம் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. கோமுகி அணைக்கு மேலே, முதல் வளைவில் ஒரு புளியமரம். இடி விழுந்த வருடத்திலிருந்து அது தூங்கவில்லை. ராத்திரியிலும் இலையை விரித்து வைத்துக்கொண்டு முழிக்கிறது. காய்ப்பதும் இல்லை.

"காவல் இல்லாத மரம்," என்றது நூற்றுப் பதினேழு. குரலில் ஆசை தெரிந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு, "ஆனா அது மலை மரம். நம்பர் கெடையாது," என்றது.

"நம்பரா முக்கியம்? போலாம் வா."

"போனா மட்டும் போதாதும்மா. புது மரம் மூணு தரம்தான் பாக்கும். பொழுது சாயற நேரம் பாத்து எலய மூடணும். முந்துனாலும் பிந்துனாலும் உதறிடும். மூணாந்தரமும் தப்புனா அதோட சரி."

"அறுபது வருசமா மூடறியே, நேரம் தெரியாதா?"

நூற்றுப் பதினேழு தலையைக் குனிந்துகொண்டது. "சாயங்கால பஸ்ஸு லைட்டு போட்டுக்கினு வரும். அந்த லைட்டு அடிமரத்துல பட்டதும் மூடுவேன். நாலு நாளா பஸ் இல்ல. நேரம் தெரியாம கையப் பெசஞ்சிக்கினு உக்காந்திருக்கேன்."

அறுபது வருடம் ரோட்டோரத்தில் நின்றும் வானத்தை நிமிர்ந்து பார்க்காத ஆள். எங்கள் தெருவிலும் அப்படி இரண்டு பேர் உண்டு. பெயர் வேண்டாம்.

தனியாக மலைக்குப் போக முடியாது. ஜெபீனா காவலைப் பாவாடை மடிப்பில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து செந்தமிழ்ச்செல்வி வீட்டுக்குப் போனாள். அதே வகுப்பு. பெயர்தான் நீளம், ஆள் குட்டை. ஆனால் மரம் ஏறுவதில் ஊரில் ஆண்பிள்ளைகளையும் தோற்கடிப்பாள். அவள் அப்பா ஆதிமூலம் விவசாயி, மறியலில் முன்னால் நிற்கிறவர். நூற்றுப் பதினேழாம் மரத்தை அறுத்த ரம்பத்தின் ஒரு பிடி அவர் கையில்தான் இருந்தது. செல்விக்கு அது தெரியும். அவள் அந்தச் சாண் உயர ஆளையும், உடைந்த விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கப்பா சைக்கிள் வூட்லதான் கெடக்கு," என்றாள்.

ஜெபீனா தன் அம்மா அஸ்ரப் நிஷாவிடம், செல்வி வீட்டுக்குக் கணக்கு நோட்டு வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். கால் மணி நேரம் பொறுத்து நான் போய், "நோட்டு வாங்கப் போறவளுக்கு எதுக்கு நிஷா நாலு பன்னும் வாட்டர் பேக்கும்?" என்று விசாரித்தேன். சும்மா, ஒரு அக்கறைதான்.

அஸ்ரப் நிஷா அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வரட்டுங்க்கா," என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்கு நானே இரண்டடி பின்னால் போனேன்.

அதற்குள் சைக்கிள் ஊரைத் தாண்டிவிட்டது. செல்விக்கு சீட்டு எட்டாது. பாருக்கு அடியில் ஒரு காலை விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதித்தாள். ஜெபீனா கேரியரில். நூற்றுப் பதினேழு வாட்டர் பேக்குக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பையில், கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு. பர்லாங்குக்கு ஒரு மரம் கிடந்தது. ஒவ்வொரு மரத்திலும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் சைக்கிளைத் தூக்கிப் போட்டு, மறுபடியும் மிதிக்க வேண்டியிருந்தது. பதினோராவது மரத்தில் ஜெபீனாவின் பாவாடை கிழிந்தது. பதினாலாவது மரத்தில் செல்வியின் முழங்கால்.

வடக்கனந்தல் நெருங்கும்போது ஒரு மரத்தின் மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைப்பாகை கட்டிய ஆதிமூலம்.

"எங்க போய்க்கினு இருக்கற?" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

செல்விக்குப் பொய் வராது. வந்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "நீ அறுத்த மரத்துல ஒரு காவல் இருந்துச்சுப்பா. அதுக்கு வூடு தேடிப் போறோம்."

ஜெபீனா பையைத் திறந்து காட்டினாள். பெரியவர்கள் கண்ணுக்கு அது பூச்சி அரித்த புளியங்காய். பக்கத்தில் இருந்த ஒருவர் சிரித்தார். "உம் பொண்ணு புளியங்காய்க்குப் பட்டா வாங்கப் போவுது ஆதிமூலம்."

ஆதிமூலம் சிரிக்கவில்லை. காயைக் கையில் வாங்கி, ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் ஆசையா அந்த மரத்த அறுக்க? நான் நடந்து பள்ளிக்கூடம் போனப்ப அந்த நெழல்லதான் நின்னுட்டுப் போவேன். பங்கு குடுங்கன்னு எத்தினி வருசமா வாயால கேட்டோம். காது குடுக்கல. அதான்."

அவர் காயைப் பத்திரமாகப் பையில் போட்டார்.

"கொளஞ்சியப்பன் வைக்கோல் ஏத்திக்கினு வயக்காட்டு வழியா அணைக்கட்டுக்குப் போறான். அவன் வண்டியில போங்க. அவங்கூடவே திரும்பிடணும். சைக்கிள் இங்க இருக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து, ஜெபீனாவைப் பார்த்து, "உங்க அத்தாவுக்கு நான் ஆள் அனுப்பறேன் பாப்பா. வூட்ல தேடுவாங்க," என்றார்.

கொளஞ்சியப்பனின் மாடுகளுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்கும்தான். வைக்கோல் மேல் உட்கார்ந்து பன்னைத் தின்றபடி போனார்கள். வழியில் நூற்றுப் பதினேழுக்கு இன்னும் இரண்டு விரல் உதிர்ந்தது. ஜெபீனா அதன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தாள்.

"தண்ணி தேவையில்ல," என்றது அது. "ஆனா நிறுத்தாத."

அணைக்கு மேலே முதல் வளைவில் மரம் நின்றது. நான்கு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடி. உச்சியில் ஒரு கிளை இடியில் கருகி மொட்டையாக இருந்தது. மற்ற கிளைகளில் இலை ஒவ்வொன்றும் விறைத்து விரிந்திருந்தது, பல நாள் தூங்காதவன் கண் மாதிரி.

[படம்: தூங்காத புளி. அடியில் நிற்பது கொளஞ்சியப்பன், வாயில் வெற்றிலை. அவருக்கு எதிரே நின்று பேசாதீர்கள்.]

போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. நிழல் விழுந்தது, காற்று குளிர்ந்தது.

"பொழுது போயிடுச்சு. மூடு மூடு," என்றாள் செல்வி.

நூற்றுப் பதினேழு அடிமரத்தில் தாவி, முதல் கிளையின் இலைகளை மடக்கத் தொடங்கியது. மரம் ஒரு குலுக்குக் குலுக்கியது. மாடு ஈயை உதறுவதைப் போல. காவல் கீழே வந்து விழுந்தது. இடது கால் முழங்காலோடு உடைந்து தனியே உருண்டது.

"முந்திட்டோம்," என்றது அது, காலைப் பார்த்தபடி.

இந்த முறை ஜெபீனா பொறுப்பேற்றாள். "சாயங்காலம் பள்ளிவாசல்ல மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்றப்ப எங்க வூட்ல அம்மா லைட்டு போடும். லைட்டு போடற அளவு இருட்டுனதும் நான் சொல்றேன்." மலைக்கு மேலே ஒரு மேகமும் வந்து நின்றது. மரத்தடியில் நன்றாக மங்கியதும், "இப்ப," என்றாள்.

மரம் மறுபடியும் உதறியது. இம்முறை போனது ஒரு கை.

இருவரும் சமவெளியில் பிறந்தவர்கள். அங்கே சூரியன் கரும்புக்கொல்லையின் விளிம்பு வரைக்கும் போய்த்தான் மறையும். நிழல் விழுந்தால் பொழுது போயிற்று என்று அர்த்தம். ஒரு மலை நடுவே புகுந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே சூரியனை மறைத்துக்கொள்ளும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? கொளஞ்சியப்பன் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்காமல் அவர் எதையும் சொல்கிறவர் இல்லை.

நூற்றுப் பதினேழு வேரில் சாய்ந்து உட்கார்ந்தது. "போதும்மா. இங்க பஸ்ஸும் வராது, லைட்டும் வராது. எனக்கு உத்தரவும் வரல. நீங்க வூட்டுக்குப் போங்க."

ஜெபீனா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "உத்தரவுதான வேணும்? நான் குடுக்கறேன். எழுந்துரு."

"உனக்கு ஏது அதிகாரம்?"

"உன்னக் கடிச்சது நான்தான? அப்ப நீ எம் பொறுப்பு. எழுந்துரு சொல்றேன்."

அப்போதுதான் செல்வி, "இங்க வா," என்று கூப்பிட்டாள். அவள் வளைவின் ஓரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே இன்னும் வெயில் அடித்தது. இங்கே இருட்டு, அங்கே வயல்கள் மஞ்சள் பூசின மாதிரி கிடந்தன. மலையின் நிழல் நீளமாகப் படுத்து, கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோமுகியின் தண்ணீரை மூடியது. வடக்கனந்தலை மூடியது.

"பொழுது இன்னும் போவல," என்றாள் செல்வி மெதுவாக. "மலை மறைச்சிக்கினு நிக்குது. நம்மதான் ஏமாந்துட்டோம். வெயிலு எங்க கடைசியா போவுதோ, அப்பதான் பொழுது."

வெகு தூரத்தில், கிழக்கு ஓரத்தில், தியாகதுருகம் கோட்டை மலை தெரிந்தது. இத்தனை தூரத்துக்கு அது ஒரு கருப்பட்டித் துண்டு அளவுதான். அதன் உச்சியில் வெயில் இருந்தது.

"அங்க வெயிலு போனதும் மூட ஆரம்பிக்கணும்," என்றாள் ஜெபீனா. "ஒத்தக் கால வச்சிக்கினு இது எப்ப ஏறி முடிக்கும்?"

"நம்ம ஏறலாம்."

ஏறினார்கள். நூற்றுப் பதினேழு ஜெபீனாவின் தோளில், இருக்கிற ஒரு கையால் அவள் காதைப் பிடித்துக்கொண்டு. செல்வி முன்னால் ஏறி, கால் வைக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே போனாள். பட்டை உள்ளங்கையைக் கிழித்தது. கீழேயிருந்து கொளஞ்சியப்பன், "எறங்குங்க கண்ணுங்களா, இது கரடி நடமாடற எடம்," என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு, கரடி வந்தால் முதலில் தன்னைத்தான் பார்க்கும் என்று தோன்றியதோ என்னவோ, வண்டியில் ஏறி நின்றுகொண்டார்.

நிழல் கள்ளக்குறிச்சியை எட்டியது. எங்கள் தெருவில் அப்போது நான் ஜன்னலோரம்தான் நின்றிருந்தேன். வெளிச்சம் போனதைப் பார்த்தேன். அஸ்ரப் நிஷா வாசலுக்கு நாலாவது தடவையாக வந்ததையும் பார்த்தேன். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதிசயம்தான்.

தியாகதுருகம் உச்சி மட்டும் மிச்சம். மஞ்சள், பிறகு செம்மண் நிறம்.

"இப்பவா?" என்றது நூற்றுப் பதினேழு.

"இரு," என்றாள் செல்வி.

"இப்ப?"

"இரு."

உச்சி சாம்பல் நிறமானது. செல்வி வாயைத் திறந்தாள். ஆனால் நூற்றுப் பதினேழு அவளைப் பார்க்கவில்லை. ஒரு இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அறுபது வருடத்தில் முதல் தடவையாக அது இலையிடமே கேட்டது.

"சில்லுனு ஆவுது," என்றது. "இப்பதான்."

மடக்கியது. மரம் அசையவில்லை.

ஜெபீனா கிளை கிளையாக அதைச் சுமந்து போனாள். அது கை பட்ட இடத்தில் இலைகள் ஜோடி ஜோடியாக முகம் சேர்ந்து மூடின. மூடின இலை பக்கத்து இலைக்குச் சேதி சொன்னது. மழை தூரத்தில் வருகிற மாதிரி ஒரு ஓசை மரம் முழுவதும் ஓடியது. வடக்குக் கிளை முடிந்தது. தெற்குக் கிளை முடிந்தது. மேலே, கருகிய கிளைக்குப் பக்கத்தில், உச்சிக் கொம்பு ஒன்றுதான் விரிந்து நின்றது. அது இவர்கள் கனம் தாங்காது. ஜெபீனா ஒரு கால் வைத்துப் பார்த்தாள், வளைந்தது.

[படம்: உச்சிக் கொம்பு. சின்னதாகப் புள்ளி மாதிரி ஏறுவது யார் என்று உங்களுக்கே தெரியும். கீழே இரண்டு பேர் மூச்சு விடவில்லை.]

நூற்றுப் பதினேழு தோளிலிருந்து இறங்கிக்கொண்டது. ஒரு கை, ஒரு கால். பல்லால் பட்டையைக் கவ்வி, கையை மேலே போட்டு, காலை உந்தி, மறுபடியும் கவ்வி. கொம்பு காற்றில் ஆடியது. இரண்டு தடவை சறுக்கியது. வானத்தில் முதல் நட்சத்திரம் வர இன்னும் கொஞ்ச நேரம்தான், வந்துவிட்டால் பிந்தினதாகிவிடும். பெண்கள் இருவரும் கையைக் கோத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். பிறகு இலைக்குள் அதைக் காணவில்லை.

உச்சிக் கொம்பு மூடிக்கொண்டது.

பெரிய மரம் அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரு பெருமூச்சு விட்டது. கிளைகள் தளர்ந்து இறங்கின. கொளஞ்சியப்பன் வண்டியில் நின்றபடியே துண்டைத் தலையிலிருந்து எடுத்தார். இடி விழுந்த பிறகு அந்த மரம் தூங்கி அவர் பார்த்ததில்லை.

"நூத்திப் பதினேழு," என்று கூப்பிட்டாள் ஜெபீனா. "ஏய், இருக்கியா?"

கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது. பழைய குரல்தான், ஆனால் கொஞ்சம் தடித்து, அடிமரத்தின் உள்ளேயிருந்து வருகிற மாதிரி.

"கால் மொளைக்குது. கூசுது." பிறகு, தயக்கமாக, "காலையில எத்தினி மணிக்குத் தொறக்கணும்?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபீனாவுக்குச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. வாயை அடக்கிக்கொண்டாள்.

"அத நீயே பாத்துக்கோ," என்றாள்.

மேலே மூடின இலைகள் ஒரு தடவை சலசலத்தன.

"சரி," என்றது மரம். "பாத்துக்கறேன்."

வண்டி இறங்கும்போது செல்வி தூங்கிவிட்டாள். வடக்கனந்தலில் ஆதிமூலமும் மஜீத்தும் ஒரே மரத்தின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஜெபீனாவுக்கு வீட்டில் என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். மூன்று வீடு தள்ளி எனக்குக் கேட்டது. அடி விழுந்த பிறகு சோறு விழுந்தது, முட்டையோடு.

மறுநாள் காலை கொளஞ்சியப்பன் மெனக்கெட்டு மலைக்குப் போய்ப் பார்த்தாராம். வெயில் ஏறின பிறகும் மரம் மூடியே கிடந்திருக்கிறது. இவர் அடியில் உட்கார்ந்து இரண்டாவது வெற்றிலையை மடிக்கும்போது கிழக்குக் கிளை திறந்தது, பிறகு மற்றது, கடைசியில் அவசர அவசரமாக உச்சி. சரியாக அரை மணி நேரம் தாமதம் என்று வந்து சொன்னார்.

முதல் நாள்தானே.